கொட்டியாரக் குடாவும் பாதரசப் பல்லடைப்பும்

வெள்ளி அடைப்பு என்று வழங்கும் இரசக்கலவைப் பல்லடைப்பில் வெள்ளியைவிடப் பாதரசமே அதிகம். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்; மறுபாதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு, சில வகைகளில் சிறிதளவு நாகம் ஆகியவை சேர்ந்த உலோகத் தூள். இரண்டையும் சேர்த்துக் குழைத்தால் சில நிமிடங்கள் வெண்ணெய் பதத்தில் இருக்கும். அந்த நேரத்துக்குள் சூத்தையைக் குடைந்து துப்புரவாக்கிய குழியில் வைத்து அழுத்திவிட வேண்டும். பிறகு இறுகத் தொடங்கி, ஒரு நாளைக்குள் முழு வலிமை பெறும். எச்சில் ஊறும் வாயிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், கடைவாய்ப் பல்லின் அரைப்பைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கும், விலையும் குறைவு. பாதரசம் நஞ்சு என்பது தெரிந்தே உலகம் இதை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வாயில் வைத்துக்கொண்டதற்கு இவையே காரணம்.

இந்தக் கலவை பற்றிய மிகப் பழைய குறிப்பு சீனத்தில் தாங் மரபினர் காலத்தில், 659ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மருந்து நூலில் உள்ளது. 1500களில் ஜெர்மனியிலும் இதைப் போன்ற ஒரு கலவை எழுதிவைக்கப்பட்டது. தொழிலாக இது தொடங்கியது பாரிசில். 1826இல் ஒகுஸ்த் தவோ என்பவர் வெள்ளி நாணயங்களை அராவிப் பெற்ற தூளைப் பாதரசத்தில் குழைத்துப் பல்லை அடைத்தார். நாணய வெள்ளியின் அளவு நாணயத்துக்கு நாணயம் வேறுபடும். ஆகவே அடைப்பு சில வேளை சுருங்கிக் கழன்றது, சில வேளை விரிந்து பல்லைப் பிளந்தது. 1833இல் கிராக்கூர் என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவர் அதை நியூயோர்க்குக்குக் கொண்டுபோய், பொன்னுக்கு மாற்றாக வந்த அரச கனிமம் என்று ஆடம்பரமாக விளம்பரம் செய்தனர். சூத்தையைக் குடைந்தெடுக்காமலே அதன் மேல் கலவையை அப்பிக் காசு வாங்கிய இவர்களால் நல்ல பல் வைத்தியர்கள் கொதித்தனர்.

அமெரிக்கப் பல் அறுவை வைத்தியர் சங்கம் 1840இல் அமைந்தது. 1845இல், இந்தக் கலவையைப் பயன்படுத்துவதில்லை என்று உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும் என அது விதித்தது. மறுத்தவர்கள் விலக்கப்பட்டனர். நஞ்சு பற்றிய அச்சம் அதில் உண்மையாகவே இருந்தது. ஆனால் பொன் இழையை அடித்து அடித்துப் பல்லில் நிரப்பும் கைத்திறன் கொண்டவர்களின் தொழிலை, ஏழைக்கும் எட்டும் ஒரு மலிவுப் பொருள் குலைத்துவிடும் என்ற கவலையும் சேர்ந்தே இருந்தது; இரண்டில் எது பெரிது என்பது அவரவர் பணப்பையைப் பொறுத்தது. 1850இல் அந்த விதி கைவிடப்பட்டது. 1856இல் சங்கமே கலைந்தது. 1859இல் தோன்றிய அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் கலவையை எதிர்க்கவில்லை. 1895இல் சிக்காகோவின் ஜி. வி. பிளாக், வெள்ளியும் வெள்ளீயமும் எந்த அளவில் சேர்ந்தால் அடைப்பு சுருங்காது, விரியாது என்று சோதித்து ஒரு சூத்திரம் தந்த பிறகு, இது தெருவோர வித்தையாக இருந்த நிலை மாறி வைத்தியப் பாடமானது.

தமிழருக்குப் பாதரசம் புதிய பொருளன்று. சித்த மருத்துவத்தில் இலிங்கம், பூரம், வீரம் மூன்றும் பாதரசச் சேர்மங்களே. பூரத்தையும் வீரத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது எந்த நாட்டு வைத்தியருக்கும் தெரியும்: இரண்டிலும் பாதரசமும் குளோரினுமே இருந்தாலும், வீரம் கொடிய நஞ்சு. பல்லடைப்புப் பற்றிய விவாதத்தைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும். பாதரசம் எந்த வடிவில், எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதே கேள்வி. உலோகமாக விழுங்கப்பட்டால் குடல் அதை அநேகமாக உறிஞ்சாது. வந்த வழியே வெளியேறிவிடும். ஆவியாக மூச்சில் போனால் நுரையீரல் அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அங்கிருந்து இரத்தம் வழியாக மூளைக்கும் சிறுநீரகத்துக்கும், கருவுற்றவரில் சூல்வித்தகம் கடந்து குழந்தைக்கும் போகும். மூன்றாவது வடிவம் மெதைல் பாதரசம். நீரடிச் சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் இதை உண்டாக்குகின்றன. உணவு வழியே உடலில் ஏறுவதால் மூன்றிலும் இதுவே மிகக் கொடியது. பல்லடைப்பிலிருந்து நேரடியாக வருவது இரண்டாவது வடிவம்.

இலங்கையில் இந்த அடைப்பு ஊர்ப்பிள்ளைகள் வரை போய்ச் சேர்ந்தது நியூசிலாந்தின் வழியாக. அந்நாட்டில் தோமஸ் ஹன்டர் என்பவரின் முயற்சியால் 1921இல் வெலிங்டனில் பாடசாலைப் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. பல் வைத்தியப் பட்டம் பெறாத இளம்பெண்கள் இரண்டு ஆண்டு பயிற்சியுடன் பாடசாலை வளவிலேயே பிள்ளைகளின் பல்லைக் குடைந்து அடைத்தனர். பிள்ளைகள் அந்தச் சிகிச்சை இடத்துக்குக் கொலைவீடு என்று பெயர் வைத்தது தனிக்கதை. 1950 தொடக்கத்தில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்தது. அதன் கீழ் நியூசிலாந்து இலங்கைக்குக் கொடுத்த உதவிகளில் ஒன்று இந்த முறை. இலங்கைப் பெண்கள் அங்கு சென்று பயின்று வந்தனர். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் மகரகமவில் பயிற்சிப் பாடசாலை எழுந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், கொழும்பில் தொடங்கிய பல் வைத்தியப் பட்டப்படிப்பு பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பட்டம் பெற்ற பல் வைத்தியர்கள் அரச வைத்தியசாலைகளிலும், மகரகமவில் பயின்ற பற்சிகிச்சையாளர்கள் பாடசாலைச் சிகிச்சை நிலையங்களிலும் இருந்தனர். இரு இடத்திலும் சிகிச்சை இலவசம். இலவசமாகக் கொடுக்கக் கட்டுப்படியான அடைப்பு ஒன்றே ஒன்றுதான் அன்று இருந்தது.

அந்த இலவச சிகிச்சையும் எளிதில் எட்டாத ஊர்களில் ஒன்று கட்டைபறிச்சான். அது திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், மூதூருக்கும் சம்பூருக்கும் இடையே உள்ள ஊர். வயலும் களப்பும் கடலும் அடுத்தடுத்து வரும் நிலம். குடாவின் எதிர்ப்புறத்தில் உலகறிந்த திருகோணமலைத் துறைமுகம். 1957இல் பிரித்தானியர் அதைக் கையளிக்கும்வரை அங்கே கடற்படைக்கென வைத்தியசாலை இருந்தது. எதிர்க்கரைக் கிராமத்தவருக்கு அது எட்டாத தூரம். பல்லுக்குத்து வந்தால் கிராம்பு, உப்புநீர். பொறுக்க முடியாமற்போனால் மூதூர் வைத்தியசாலை. அதற்கும் மேற்பட்டதென்றால் மூதூர்த் துறையிலிருந்து இயந்திரப் படகேறித் திருகோணமலை. தரைவழி போவதானால் மிதவைப்பாதைகளைக் கடந்து கிண்ணியா சுற்ற வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் எஞ்சிய பாலங்களும் திறக்கப்படும்வரை இதுவே நிலை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு தடவை அடைத்தால் பத்து ஆண்டு கவலையில்லை என்பது சிறிய நன்மையன்று. மறுபடி படகேறத் தேவையில்லை என்பதற்காகவே பலர் பல்லை அடைக்காமல் கழற்றிவிடச் சொல்வதும் இத்தகைய ஊர்களின் வழக்கம்.

போர் இந்தச் சிறு வசதியையும் குலைத்தது. 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மாவிலாற்றில் தொடங்கிய மோதல் மூதூரையும் சம்பூரையும் சூழ்ந்தபோது அந்தப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமான பிறகு அவ்வூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கினர். மீள்குடியேற்றம் 2015இலேயே வழிக்கு வந்தது. பாதரசம் இல்லாத மாற்றான பிசின் அடைப்புக்கு உலர்ந்த பல்லும், நீல ஒளி பாய்ச்சும் கருவியும், அதற்கு மின்சாரமும் வேண்டும். தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு எந்த அடைப்பு பாதுகாப்பானது என்ற விவாதம் வரும் முன்பே, அடைப்பதற்கு ஆள் உண்டா என்ற கேள்வி வந்து நின்றது.

அடைப்பின் பாதுகாப்புப் பற்றிய வாதங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நூற்றெண்பது ஆண்டுகளாக எல்லோரும் நோயாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தனர். கலவையைக் குழைத்த கையை வெகு சிலரே பார்த்தனர். பழைய முறையில் 5 பங்கு தூளுக்கு 8 பங்கு பாதரசம் ஊற்றிச் சிறு கல்வத்தில் இட்டு அரைப்பர். குழைந்ததும் மெல்லிய தோலிலோ துணியிலோ முடிந்து, விரலால் முறுக்கி மிகுதிப் பாதரசத்தைப் பிழிந்தெடுப்பர். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பதம் பார்ப்பதும் உண்டு. பிழிந்த துளிகள் மேசையிலும் நிலத்திலும் சிதறி, பலகை இடுக்குகளில் தங்கும். நம் வெப்பத்தில் அவை நாள் முழுதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நோயாளி அந்த அறையில் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். சிகிச்சையாளர் இருபது முப்பது ஆண்டுகள் அங்கேயே மூச்சு விடுவார். அவருக்கு உதவி செய்பவர், அறையைக் கூட்டுபவர் நிலையும் அதுவே.

செம்பு இரசக்கலவை இதைவிட மோசம். வில்லையாக வரும் அதைச் சாராய விளக்கில் காட்டி, பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும்வரை சூடாக்கித்தான் குழைக்க முடியும். சூடேறிய பாதரசத்தின் ஆவி நேரே முகத்தில் அடிக்கும். நியூசிலாந்திலும் ஸ்கண்டிநேவிய நாடுகளிலும் பாற்பற்களுக்கு இது பல காலம் பயன்பட்டது. நியூசிலாந்தின் பாடசாலைப் பல் தாதியரை முப்பது ஆண்டு கழித்துத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. பாதரசத்தோடு வேலை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உடல்நல அனுபவத்தில், சிறப்பாகக் கருப்பை தொடர்பானவற்றில், வேறுபாடு இருப்பதாக அது கூறியது. சிறிய குழுவில் செய்த ஆய்வு. தீர்ப்பாகக் கொள்ள முடியாது. நோயாளிகளைப் பற்றி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்த இடத்தில் கலவை குழைத்த பெண்களைப் பற்றி இவ்வளவு குறைவாகவே வந்திருக்கின்றன என்பது அதைவிடக் கவனிக்க வேண்டியது.

பிழிதலுக்கு முடிவு கட்டியது ஓர் அளவு மாற்றம். 1959இல் வில்மர் ஈம்ஸ் தூளையும் பாதரசத்தையும் சம எடையில் சேர்த்தாலே போதும் என்று காட்டினார். மிகுதி இல்லாததால் பிழிய வேண்டியதில்லை. 1963இல் செம்பு கூடிய தூள் வந்து, அடைப்பின் ஓரம் நொறுங்குவதற்குக் காரணமான பாதரச–வெள்ளீயக் கட்டத்தைப் போக்க வழி செய்தது. அடுத்து, அளந்து அடைத்த சிறு குப்பிகளும் அவற்றை மூடியபடியே குலுக்கிக் கலக்கும் இயந்திரமும் வந்தன. குப்பி விலை கூட. ஆதலால் வசதி குறைந்த நாடுகளில் போத்தல் பாதரசம் நெடுங்காலம் நீடித்தது.

நோயாளியின் வாய் பற்றிய அச்சத்தை அறிவியல் தளத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் வேதியியலாளர் அல்பிரெட் ஸ்டொக். ஆய்வுகூடத்துப் பாதரச ஆவியால் தாமே தலைவலியும் மறதியும் களைப்பும் பட்ட அவர் 1926இல் அதன் ஆபத்தை எழுதி, பல்லடைப்பையும் குற்றஞ்சாட்டினார். அளவிடும் கருவிகள் நுட்பமாகும்வரை அந்த வாதம் நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் இடையே ஊசலாடியது. மெல்லும்போதும் பல்லை நெறுமும்போதும் அடைப்பிலிருந்து ஆவி கூடுதலாக வெளிவருகிறது என்பது இன்று ஐயமற்ற செய்தி. 1991இல் உலக சுகாதார நிறுவனம், அடைப்பு உள்ள ஒருவர் நாளொன்றுக்கு அதிலிருந்து பெறும் பாதரசத்தை 3.8 முதல் 21 மைக்ரோகிராம் வரை என மதிப்பிட்டது. பின்வந்த கணிப்புகள் பல இதைவிடக் குறைவு. கேள்வி, அந்த அளவு நோய் தருமா என்பதே.

அதற்கு நேரடிப் பதில் தேடிய இரு பெரிய சோதனைகள் 2006இல் ஒன்றாக வெளிவந்தன. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 பிள்ளைகளும், போர்த்துகலின் லிஸ்பனில் 507 பிள்ளைகளும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதிக்கு இரசக்கலவை, மறுபாதிக்குப் பிசின். முதற்குழுவை ஐந்து ஆண்டுகளும் இரண்டாவதை ஏழு ஆண்டுகளும் பின்தொடர்ந்து நுண்ணறிவு, நினைவாற்றல், நரம்பு, சிறுநீரகம் யாவும் பரிசோதித்தனர். இரசக்கலவைக் குழுவின் சிறுநீரில் பாதரசம் கூடியிருந்தது. ஆனால் அறிவிலும் நரம்புத் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நியூ இங்கிலாந்துக் குழுவில் சிறுநீரில் சிறிதளவு புரதம் கூடுதலாகக் காணப்பட்டது என்பது பின்னர் வந்த குறிப்பு. ஆக, பொதுவான ஆளுக்குத் தீங்கு நிறுவப்படவில்லை. சிலருக்கு அடைப்பைத் தொட்டிருக்கும் கன்னத்தில் ஒவ்வாமைப் புண் வருவது உண்மை. அடைப்பை மாற்றினால் அது பெரும்பாலும் ஆறும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், நரம்பு நோய் அல்லது சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், பாதரச ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்கு முடிந்தவரை இதைத் தவிர்க்கச் சொன்னது. அதே மூச்சில், நன்றாக இருக்கும் அடைப்பைப் பயத்தில் தோண்டி எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. தோண்டும்போதே ஆவி மிக அதிகமாக எழும்.

இவ்வளவு விவாதித்த வாயை விட்டு, இந்த அடைப்பின் முடிவு வேறோர் இடத்தில் தீர்மானமானது: வடிகாலில். அடைக்கும்போது மிஞ்சும் துகளும், பழைய அடைப்பைத் தோண்டும்போது வரும் தூளும் வாய் கொப்பளித்த நீரோடு போகின்றன. வடிகட்டும் பிரிகலம் இருந்தால் அதில் 95 சதவீதத்தைப் பிடிக்கலாம். இல்லாத இடத்தில் எல்லாம் ஆற்றுக்கும் கடலுக்கும். சேற்றுக்குள் போன பாதரசத்தின் ஒரு பங்கு மெதைல் பாதரசமாகி, பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் பெருகிக்கொண்டே போகும். சுறா, தளபத்து, பெரிய சூரை போன்ற வேட்டை மீன்களில் அது உச்சம். மகாவலி, பல் வைத்தியபீடம் அமைந்துள்ள பேராதனை வளாகத்தின் ஓரமாக ஓடி, மலைநாட்டின் பல நகரக் கழிவுகளையும் ஏற்று, 335 கிலோமீற்றர் கடந்து கடைசியில் கொட்டியாரக் குடாவிலேயே கலக்கிறது. மலைநாட்டில் எது நீரில் விடப்பட்டாலும் அதன் கடைவாசல் மூதூர், கட்டைபறிச்சான் மீனவரின் வலை விழும் இடம். பாதரசத்துக்கு உலை, நிலக்கரி, பொன் அகழ்வு எனப் பல்லடைப்பைவிடப் பெரிய ஊற்றுக்கள் உலகில் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல்லடைப்பின் பாதரசம் வெளியேறச் சுடலையும் ஒரு வழி. பாதரசம் 357 பாகை செல்சியசில் கொதிக்கும். சிதைத் தீ அதைவிடச் சூடானது, ஆகவே பல்லிலிருந்த பாதரசம் புகையோடு போய்விடும். பிரித்தானியா தன் தகன உலைகளில் இதைப் பிடிக்க வடிகட்டி வைக்கச் சட்டம் செய்தது. திறந்த சிதைக்கு அப்படியொரு வழியில்லை.

நோர்வே 2008இலும் சுவீடன் 2009இலும் பாதரச அடைப்பை நிறுத்தியது பெரிதும் இந்தச் சுற்றாடற் காரணத்துக்காக. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் தொழிற்சாலை விட்ட மெதைல் பாதரசத்தால் மீனுண்டவர்கள் நடுங்கி முடங்கிய துயரம் 1956இல் பதிவானது. அதன் பெயரில் 2013இல் கைச்சாத்தான மினமாட்டா உடன்படிக்கை வெப்பமானி, மின்குமிழ் போன்றவற்றுக்கு முடிவு நாள் குறித்தபோது, பல்லடைப்புக்கு நாள் குறிக்காமல் படிப்படியாகக் குறைப்பது என்று மட்டும் சொன்னது. ஏழை நாடுகளின் பல் சேவை நின்றுவிடும் என்ற அச்சமே தயக்கத்துக்குக் காரணம். இலங்கை 2017இல் அதை ஏற்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 2022இல் பாலியில் முடிந்த அதன் உறுப்பு நாடுகளின் மாநாடு, போத்தல் பாதரசத்தைப் பல் வைத்தியர் பயன்படுத்துவதைத் தடுக்கவும், பாற்பல், 15 வயதுக்குட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கு இந்த அடைப்பை விலக்கவோ வேண்டாமெனப் பரிந்துரைக்கவோ உறுப்பு நாடுகளைக் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து பொதுவாகவே நிறுத்தியது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய ஆறாவது மாநாடு, 2034க்குள் உலகெங்கும் இதன் பயன்பாட்டை முடிப்பதென இணங்கியது.

குறைந்துவந்த தேவையும் இதற்குக் கைகொடுத்தது. இலங்கையின் தேசிய வாய்ச் சுகாதார ஆய்வுகளின்படி, 12 வயதுப் பிள்ளைக்குச் சராசரியாகச் சிதைந்த, கழன்ற, அடைத்த பற்கள் 1983–84இல் 1.9, 2002–03இல் 0.9. புளோரைட்டுப் பற்பசையின் பங்கு இதில் பெரிது. பிள்ளைகளின் சிறு குழிகளுக்கு இப்போது கண்ணாடி அயனோமர் போதும். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சனும் கெண்டும் அறிமுகப்படுத்திய இது பல்லோடு தானே ஒட்டும், புளோரைட்டையும் சிறிது சிறிதாக விடும். 1980களில் தன்சானியாவில் வளர்ந்த ஒரு முறையில், கைக்கருவியால் மட்டும் சூத்தையைச் சுரண்டி இதை வைத்து அடைப்பர். துளைக்கும் இயந்திரமும் மின்சாரமும் வேண்டியதில்லை. கடைவாயின் பெரிய குழிக்கு இது இரசக்கலவை அளவு நீடிக்காது. அங்கே பிசின் வைக்க வேண்டும், அதற்குச் செலவும் நேரமும் கூட. அந்தச் செலவை அரச வைத்தியசாலை தொடர்ந்து தாங்கினால் அடைப்பு, தாங்காவிட்டால் பல்லைக் கழற்றுவது என்பதே மூதூர் போன்ற இடங்களில் மிஞ்சும் நடைமுறை. 2034 என்ற வரம்பு புதிதாக அடைப்பதற்கும் அதற்கான பொருளைச் செய்வதற்கும் விற்பதற்குமே. முன்பு அடைத்தவை அவரவர் வாயில் தேய்ந்து முடியும்வரை இருக்கலாம். உடைந்தாலோ ஓரத்தில் மறுபடி சூத்தை விழுந்தாலோ மாற்றலாம். மாற்றும்போது நீரை நன்றாகப் பாய்ச்சி, வலுவான உறிஞ்சுகுழாய் வைத்து, தோண்டிய துண்டுகளை மூடிய போத்தலில் சேர்த்துவைப்பது சிகிச்சையாளரின் வேலை.